படிவம் நான்கை நாங்கள் படிக்கவில்லை

அப்பா போன பிறகு அவருடைய மர பீரோவைக் காலி செய்தோம். மேல்தட்டில் வேட்டி, துண்டு. நடுத்தட்டில் கரண்ட் பில், எல்.ஐ.சி. பத்திரம், எந்தக் கோயில் என்று தெரியாத திருநீற்றுப் பொட்டலம். தட்டுகளில் விரித்திருந்த செய்தித்தாள்களை உருவியபோது ஒன்று மட்டும் கிழியாமல் வந்தது. மார்ச் மாதம் முதல் வாரத்துத் தாள். பழுப்பேறி, ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. நடுவில் நகைக்கடை விளம்பரம், பக்கத்தில் சிதம்பரம் தாலுகா ரேஷன் கடைச் செய்தி, கீழ்மூலையில் கட்டம் கட்டிய பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு. தலைப்பு: படிவம் 4, விதி 8.

கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தேன். ஆறு வரிசை எண்கள். வெளியாகும் இடம், வெளியாகும் கால இடைவெளி, அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், ஒவ்வொருவருடைய குடியுரிமையும் முகவரியும். ஆறாவது எண்ணில் உரிமையாளர்கள். மொத்த முதலில் ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்களின் பெயர், விலாசம். கீழே, எனக்குத் தெரிந்தவரை இவை உண்மை என்று வெளியிடுபவரின் கையொப்பம். ஆசிரியர் பெயர் ஒன்றைத் தவிர அதிலிருந்த எந்தப் பெயரும் எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பேப்பரை அவர் நாற்பது வருஷம் வாங்கினார். பால்காரருக்கு எத்தனை மாடு, எந்த மாடு சினை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தினமும் காலையில் உலகத்தைக் கொண்டுவந்து வாசலில் போட்டவர் யார் என்று அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கடலூரிலும் சிதம்பரத்திலும் எனக்குத் தெரிந்தவர்களை இந்த ஒரு மாதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். படிவம் நான்கைப் படித்தவர் ஒருவர்கூட அகப்படவில்லை. அதனால் இதை ‘நாங்கள்’ என்று சொல்லியே எழுதுகிறேன்.

அந்தக் கட்டம் சும்மா வந்ததில்லை. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெள்ளைக்காரன் அச்சகங்களுக்குக் கடிவாளம் போட்டான்: யார் அச்சிட்டது, எங்கே அச்சிட்டது என்று ஒவ்வொரு தாளிலும் இருக்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு அதே சட்டத்தில் வாசகனுக்காகவும் ஒரு ஜன்னல் திறந்தார்கள். 1956 ஜூலை 1-ல் பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம் வந்தது. அந்த ஆண்டு விதிகளின்படி, பிப்ரவரி கடைசித் தேதி முடிந்து வரும் முதல் இதழில் ஒவ்வொரு பத்திரிகையும் தன் உரிமையாளர் யார் என்பதை ஊரறியச் சொல்ல வேண்டியிருந்தது. புதிதாகப் பத்திரிகை நடத்துகிறவர் மாவட்ட நடுவருக்கு உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், கடலூர் மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசில். 2023-ல் வந்த புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் இந்த வேலையை இணையத்துக்கு மாற்றியிருக்கிறது. ஏறக்குறைய எழுபது வருஷம் ஒவ்வொரு மார்ச்சிலும் அந்த ஜன்னல் திறந்து மூடியது. நாங்கள் அந்தத் தாளில் மல்லிகைப்பூ கட்டினோம்.

படித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? முதலில், எங்கள் கைக்கு வரும் பெரிய நாளேடுகளில் ஒன்றுக்குக்கூட எங்கள் மாவட்டத்துக்காரர் உரிமையாளர் இல்லை என்பது தெரிந்திருக்கும். தினத்தந்திக்குக் கடலூரில் பதிப்பு உண்டு. தினமலருக்குப் புதுச்சேரியில். தினமணிக்கு விழுப்புரத்தில், 1993 செப்டம்பர் 30-ல் தென்னார்க்காட்டை இரண்டாகப் பிரித்தபோது எங்களைவிட்டுப் போன ஊர் அது. எந்தச் செய்தி எத்தனை வரி என்ற முடிவு, முதலும் இலாபமும் இருக்கும் வேறு ஊர்களில்.

இதில் அவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. அவர்களுடைய கதையைத் தேடிப் படித்தபோது எங்கள் மீதுதான் குறை பட்டேன். ஏனென்றால் அந்தப் பெரிய பத்திரிகைகளில் சில எங்களைப் போன்ற ஊர்களில், எங்களைப் போன்றவர்களின் ஆத்திரத்திலும் ஆசையிலும் பிறந்தவை. சிங்கப்பூரில் பாரிஸ்டராக இருந்து திரும்பிய சி.பா. ஆதித்தனார் 1942 நவம்பர் 1-ல் தினத்தந்தியைத் தொடங்கியது மதுரையில். உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் நாளேடு வேண்டும் என்பது அவர் கணக்கு. தினமலர் இன்னும் நெருக்கமான உதாரணம். 1951 செப்டம்பர் 6-ல் டி.வி. இராமசுப்பையர் அதைத் தொடங்கியது திருவனந்தபுரத்தில். திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் மாட்டியிருந்த நாஞ்சில் நாட்டுத் தமிழர்கள் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற கோரிக்கைக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி சேர்ந்தது. மறு ஆண்டே பத்திரிகை திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்தது. ஒரு மூலைப் பகுதியின் மனக்குறை பத்திரிகையானது. பத்திரிகை எல்லைக்கோட்டை மாற்றும் போராட்டத்துக்குத் துணை நின்றது.

தினமணியின் கதை உரிமை என்றால் என்ன என்பதைச் சொல்லிக் கொடுக்கும். 1934 செப்டம்பர் 11, பாரதி நினைவு நாளில் தொடங்கியது. அன்று சதானந்த் என்பவரின் பத்திரிகை, ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம். பிறகு பீகாரின் தர்பங்காவில் பிறந்த ராம்நாத் கோயங்காவின் கைக்கு வந்தது. தமிழ்நாடே சொக்கலிங்கத்தின் எழுத்துக்காகக் காத்திருந்த காலத்தில், 1943-ல், அவர் வெளியேறினார். மறு ஆண்டு ‘தினசரி’ என்று சொந்தமாக ஒன்று தொடங்கினார். அது நிலைக்கவில்லை. தினமணி இன்றும் வருகிறது. கோயங்கா 1991-ல் மறைந்த பின் அவருடைய பத்திரிகைக் குழுமம் பாகம் பிரிந்து, தெற்குப் பதிப்புகளோடு தினமணி மனோஜ் குமார் சொந்தாலியா பக்கம் வந்தது. 1977-ல் கே.பி. கந்தசாமி தொடங்கிய தினகரன் 2005-ல் கலாநிதி மாறனின் சன் குழுமத்துக்குக் கைமாறியது. எங்கள் டீக்கடைகளில் அன்று பேசிக்கொண்டதெல்லாம் விலையைப் பற்றித்தான். கைமாறியது நாங்கள் தினம் நம்பிப் படிக்கும் ஒன்று என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர்களுக்கும் அச்சுக்கும் உறவே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ் இதழியலின் பெரிய ஆசிரியர் கடலூருக்குக் கைதியாக வந்தார். 1908-ல் ‘இந்தியா’ பத்திரிகையோடு புதுச்சேரிக்குப் போன பாரதி, பத்து வருஷம் கழித்து 1918 நவம்பர் 20-ல் எல்லை தாண்டியதும் பிடிபட்டு, டிசம்பர் 14 வரை கடலூர் சிறையில் இருந்தார். அதை ஊருக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். 1934-ல் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் சிறுவயதிலேயே சென்னைக்குப் போய், கம்யூனிஸ்ட் கட்சி அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை கற்றார். எழுதத் தெரிந்த எங்கள் பிள்ளைகள் ரயிலேறியே போனார்கள். திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் வழியனுப்பிவிட்டு வந்து, அவர்கள் பெயர் பேப்பரில் வருகிறதா என்று பார்த்தோம்.

பணம் இல்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. கலெக்டர் ஊர், துறைமுகம், பக்கத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை. சிதம்பரத்தில் 1929-ல் அண்ணாமலை செட்டியார் ஒரு பல்கலைக்கழகத்தையே நிறுத்தினார். கோட்டயம் எங்களைவிடப் பெரிய ஊரா? 1888-ல் கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளை அங்கே பங்குதாரர்களைச் சேர்த்துக் கம்பெனி பதிவு செய்தார். 1890-ல் மலையாள மனோரமா வெளிவந்தது. 1938-ல் திவான் சி.பி. ராமசாமி ஐயர் அதை இழுத்து மூடினார். 1947-ல் மறுபடி எழுந்தது. கோழிக்கோட்டில் 1923-ல் மாத்ருபூமி, அதுவும் பங்கு திரட்டித்தான். மான்செஸ்டரில் கார்டியன் பத்திரிகையின் உரிமையாளர் ஜான் ஸ்காட் 1936-ல் முழு உரிமையையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார், பத்திரிகை யார் கைக்கும் விலைபோகக் கூடாது என்று. எங்களிடம் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் நோட்டு போட்டால் ஒரு வாரத்தில் நிரம்பும். அந்த நம்பிக்கை நல்ல நம்பிக்கைதான். பத்திரிகைக்கும் ஒரு வசூல் நோட்டு போடலாம் என்ற எண்ணம் எங்களுக்கு வரவே இல்லை. பேப்பர் என்றால் யாரோ நடத்துவது, நாம் வாங்குவது. அவ்வளவுதான்.

இந்த மனசுதான் மாவட்டப் பக்கத்தில் வந்து விடிகிறது. விடியற்காலை நாலு மணிக்குப் பேருந்து நிலையத்து வாசலில் வேன் வந்து பண்டலை வீசிவிட்டுப் போகும். ஏஜென்ட் கயிற்றை அறுத்து, இணைப்பைச் சொருகி, பையன்களுக்கு லைன் பிரித்துக் கொடுப்பார். நான் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது இரண்டு கோடை விடுமுறைகள் மஞ்சக்குப்பம் லைனில் சைக்கிள் மிதித்திருக்கிறேன். மை ஒட்டிய விரலோடு போய் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவேன். அந்தப் பண்டலில் எங்கள் மாவட்டத்துக்கென்று இருந்த பக்கங்களை நிரப்பியவர்கள் தாலுகா நிருபர்கள். அவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. விளம்பரம் பிடித்தால் கமிஷன். காலையில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள், மதியம் விபத்து, சாயங்காலம் ஜவுளிக்கடை முதலாளியிடம் தீபாவளி விளம்பரத்துக்குக் காத்திருப்பு. எந்த ஆலையின் நாற்றத்தைப் பற்றி ஊர் புகார் சொல்கிறதோ, அந்த ஆலையின் ஆயுதபூஜை வாழ்த்துக்கும் அவரே போய் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்தே நாங்கள் அவர்களுக்குக் கவர் கொடுத்தோம். நான் கொடுத்திருக்கிறேன். ஒரு பள்ளி ஆண்டுவிழா, நான் விழாக்குழுவில் இருந்தேன். சால்வை போர்த்தி, கவரில் 200 ரூபாய் வைத்து, “தம்பி, நம்ம படம் கொஞ்சம் பெருசா வரட்டும்” என்றேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். மறுநாள் படம் வந்தது. பக்கத்தில் ஓர் ஊரின் குடிநீர்ச் செய்தி மூன்று வரியில் சுருங்கியிருந்தது. அந்த இடத்தைப் பிடுங்கியது நான். அன்றைக்கு அந்தப் பக்கத்தை வெட்டி லேமினேட் செய்து மாட்டினேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் கிள்ளைப் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டிலும் கடல் ஏறியது. மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முதல் மணி நேரத்தில் கரைக்கு ஓடியவர்களில் இந்த நிருபர்களும் உண்டு. சிலருக்கு அது சொந்த ஊர். சென்னையிலிருந்து டி.வி. வேன்கள் வந்தன, இருந்தன, போயின. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டிப் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வருவதற்குள் பொங்கல் முடிந்துவிட்டது. பேப்பர் அதற்கு முன்பே வந்துவிட்டது. 2015 நவம்பர் 9-ல் பெரியகாட்டுப்பாளையத்தையும் விசூரையும் காட்டாறு அடித்துக்கொண்டு போனது. தலைநகரத்துக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு வாரச் செய்தி. வீடு கட்டித் தந்தார்களா, தோப்புக்கு நிவாரணம் வந்ததா, வாய்க்கால் தூர்வாரினார்களா என்று வாராவாரம் கேட்க ஊரிலேயே பத்திரிகை இருக்க வேண்டும். ஊருக்கே பாத்தியதை உள்ள பத்திரிகை. அப்படி ஒன்றை யாராவது தொடங்கியிருந்தால் நாங்கள் சந்தா கட்டியிருப்போமா? மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால், ஓசியில் டீக்கடையில் படித்திருப்போம்.

சின்னப் பத்திரிகை சாகிற விதமும் அந்தப் பழைய சட்டத்தில் இருந்தது. ஓராண்டுக்கு மேல் வெளிவராமல் நின்றால் கொடுத்த உறுதிமொழி செல்லாது. சாவு மேளம் கிடையாது, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கிடையாது. டிரெடில் மிஷின் பழைய இரும்புக்குப் போகும். ஈய எழுத்துகளை உருக்கிவிடுவார்கள். அச்சாபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை வரும். யாருக்கும் எதுவும் ஆனது மாதிரி இருக்காது.

யாழ்ப்பாணத்துக்காரர்களை நினைத்துக்கொள்கிறேன். கே.சி. தங்கராசா 1959-ல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய ‘ஈழநாடு’ 1961-ல் நாளேடானது. கொழும்பை நம்பாமல் யாழ்ப்பாணத்திலேயே எழுதி, யாழ்ப்பாணத்திலேயே அச்சடித்த தினசரி. 1981-ல் யாழ் நூலகம் எரிந்த அந்த நாட்களில், ஜூன் 1-ல், ஈழநாடு அலுவலகத்துக்கும் தீ வைத்தார்கள். மறுபடி எழுந்து வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு அத்தனை போர், அத்தனை இடப்பெயர்வு. 2005-ல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகத்தில் அந்த மண்ணின் பழைய ஏடுகளை ஒவ்வொரு தாளாக இன்றும் ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், எரிந்தது போக மிஞ்சியதைப் பொறுக்கி.

எங்கள் ஊரில் யாரும் தீ வைக்கவில்லை.

சேர்த்து வைக்கத் தமிழனுக்குத் தெரியாது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் புத்தகமும் பத்திரிகையும் நோட்டீசும் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. புதுக்கோட்டையில் ஞானாலயா கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் தங்கள் வருமானத்தைப் புத்தகத்தில் போட்டு ஒரு நூலகத்தை வளர்த்தார்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்திரிகைகளின் பிரதி கன்னிமாராவுக்குப் போக வேண்டும். சட்டமும் தனி மனிதர்களும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். மீதி, வீடுகள் செய்ய வேண்டியது.

இந்த மாதம் நண்பர்கள் மூன்று பேரோடு சிதம்பரத்தில் சில வீடுகளின் பரணைப் பார்த்தேன். தேடியது ஒரே ஒரு வாரத்துத் தாள்களை. 1965 ஜனவரி 27-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். பல்கலைக்கழகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்த வாரத்துப் பேப்பர், அன்று எங்கள் ஊர்க்காரர்கள் கையில் பிடித்து அழுத அந்தப் பேப்பர், எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டுப் போனோம். காப்பி கொடுத்தார்கள், பழங்கதை சொன்னார்கள். தாள் இல்லை. “வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போட்டுட்டோம்பா” என்றார் ஒரு பெரியவர். நண்பர்கள் அவரைக் கோபித்துக்கொண்டார்கள். நான் பேசவில்லை.

ஏனென்றால் அது எங்கள் வீட்டில் இருந்தது. தாத்தா சிதம்பரத்தில் குடியிருந்தபோது 1965 ஜனவரி, பிப்ரவரி பேப்பர்களைத் தனிக் கட்டாகக் கட்டி, மேலே சாக்கு சுற்றி, பரணில் வைத்திருந்தார். அவர் இருந்தவரை யாரும் தொடவில்லை. வீடு மாற்றி மஞ்சக்குப்பத்துக்கு வந்தபோது கட்டும் கூட வந்தது. 1990-களில் ஒரு நாள், பழைய பேப்பருக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் தெருவில் குரல் கொடுத்தார். அம்மா அடுக்களையில் இருந்தார். பரணில் ஏறியவன் நான். கட்டைப் பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. தராசில் வைத்தபோது சாக்கையும் சேர்த்து நிறுத்தார். நான் அதற்காக வாதாடி, கூட ஒரு கரண்டி வாங்கினேன்.

கட்டுக்குக் கிடைத்தது ஓர் எவர்சில்வர் தூக்கு. மூடியில் மட்டும் ஒரு நெளிவு. இப்போதும் இட்லி மாவு வாங்கிவர அதைத்தான் எடுத்துப் போகிறோம்.